காட்டேஜைக் காலி செய்யும் காலை: சண்டை இல்லாமல் கிளம்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மழைக்கோட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறோம். எட்டுப் பேர், ஐந்து இரவு. போவதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கிளம்பும் நாள் காலையை நினைத்தால்தான் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

போன தடவை பத்து மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். எட்டரை வரை வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். அப்புறம் ஒரே ஓட்டம். நான் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். கணவர் கைக்குக் கிடைத்த பெட்டியையெல்லாம் காரில் ஏற்றுகிறார். மாமியார் அறை அறையாகப் போய் ஒவ்வொரு சாமானையும் தூக்கிக் காட்டி "இது யாருடையது, இது யாருடையது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தங்கை மகன் ஒரு காலில் மட்டும் செருப்போடு நிற்கிறான். மற்றது எந்தப் பெட்டிக்குள் போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மாமியாரிடம் குரலை உயர்த்திவிட்டேன். "அத்தை, கொஞ்சம் சும்மா உட்காருங்களேன்" என்றேன். அவர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாலு மணி நேரப் பயணத்தில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஐந்து நாள் அவ்வளவு நன்றாக இருந்தோம், அத்தனையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் போயிற்று.

வீட்டுக்கு வந்தும் தீரவில்லை. ஈர நீச்சலுடைகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிப் பெட்டியின் அடியில் போட்டிருந்தேன். களைப்பில் மூன்றாம் நாள்தான் திறந்தேன். துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. எத்தனை துவைத்தும் போகவில்லை.

யார் எதைச் செய்வது, எதை முதலில் செய்வது, எவ்வளவு சுத்தம் செய்துவிட்டு வருவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கியர்

முந்தின நாள் மாலையிலேயே முக்கால்வாசி முடிந்துவிட வேண்டும். காலையில் மிச்சம் இருக்கவேண்டியது பல் துலக்கும் சாமான், உடுத்திக்கொள்ளும் துணி, சார்ஜர், மருந்து, அவ்வளவுதான். அதற்கு ஆளுக்கொரு சின்னப் பை வெளியே இருக்கட்டும். பெரிய பெட்டிகள் இரவே பூட்டி வாசல் பக்கம் வந்துவிட வேண்டும்.

ஈரத் துணி விஷயத்தில் ஒரே விதி. கடைசிக் குளியல் முந்தின நாள் மதியத்தோடு சரி. "காலையில் ஒரு முறை மட்டும் தண்ணீரில் இறங்கிவிட்டு வருகிறோம்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். விட்டால் அந்த ஈரம் உங்கள் பெட்டிக்குள்தான் வரும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்க ஒரு நாள், இரண்டு நாளே போதும். தப்பித்தவறி ஈரமாக இருந்தால் வாய் கட்டாத துணிப் பையில் போட்டு, பெட்டியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் உலர்த்த வேண்டும்.

வெள்ளைத்துண்டு

நான் பதினோரு வருடமாகக் காட்டேஜ் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு உள்ளே வருவது எங்கள் ஆட்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன்.

காலை பத்து அல்லது பதினொன்றுக்கு நீங்கள் கிளம்பினால், மதியம் மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும். அந்த இடைவெளியில் இரண்டு பேர் மொத்த வீட்டையும் முடிக்க வேண்டும். ஆகவே நீங்கள் அரை மணி தாமதித்தால் அது எங்கள் நேரத்தில் பெரிய துண்டு. நேரத்துக்குக் கிளம்புவதுதான் நீங்கள் எங்களுக்குச் செய்யும் முதல் உதவி. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்தது படுக்கை. நல்ல மனசோடு பலர் படுக்கையை அழகாக விரித்து, போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தக் கட்டிலில் ஆள் படுத்தார்கள், எதில் படுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. படுத்த கட்டிலை அப்படியே கலைந்தபடி விட்டுவிடுங்கள். தொடாத கட்டிலைத் தொடாமலே விடுங்கள். விரிப்பைக் கழற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். உரிமையாளர் சொல்லியிருந்தால் கழற்றுங்கள். ஆனால் சுருட்டி மூட்டை கட்டாதீர்கள். தொலைகிற பொருள்களில் பாதி அந்த மூட்டைக்குள்தான் போகிறது.

ஒரு முறை சலவைக்குப் போகவேண்டிய குவியலிலிருந்து தலையணை உறை ஒன்றை எடுத்தேன். மூலையில் ஏதோ கடலைப் பருப்பு அளவுக்குத் தட்டுப்பட்டது. உதறிப் பார்த்தால் காது கேட்கும் கருவி. இரவில் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தது, உறைக்குள் நழுவிவிட்டது. அன்று கை தட்டுப்படாமல் போயிருந்தால் சலவை இயந்திரத்தில் முடிந்திருக்கும். அந்தப் பெரியவர் அதைத் தேடி எத்தனை நாள் அலைந்திருப்பார். இன்னொன்று, பிள்ளைகள் பல்லுக்குப் போடும் கிளிப். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்பார்கள். கசங்கிய டிஷ்யூவைப் பார்த்தால் யாரானாலும் குப்பையில்தான் போடுவார்கள், நாங்களும் உட்பட. அதனால் அப்படிப்பட்ட சாமானுக்கு முதல் நாளே ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

ஈரத் துண்டுகளை எல்லாம் குளியலறையில் ஒரே இடத்தில் போட்டால் போதும். மர நாற்காலி மேல், மெத்தை மேல் வேண்டாம். கறை ஏதாவது ஆகியிருந்தால் தேய்க்காதீர்கள், மறைக்காதீர்கள். எதனால் ஆன கறை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் சரியான முறையில் எடுத்துவிடுவோம். இரத்தக் கறையில் வெந்நீர் பட்டால் அது துணியோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரில்தான் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பையில் சும்மா போடாமல் தடித்த காகிதத்தில் சுற்றி மேலே எழுதுங்கள். என் கூட வேலை செய்யும் பெண்ணுக்கு அப்படித்தான் கையில் தையல் போட வேண்டி வந்தது.

பழையபெட்டி

சொல்வது நியாயம்தான். ஆனால் சுத்தம் செய்வதற்கென்று தனியாகக் கட்டணம் வாங்குகிறார்களே. அதற்கு மேல் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டு, தரையைத் துடை, விரிப்பைத் துவைக்கப் போடு என்று ஒரு பக்கத்துக்கு விதி ஒட்டி வைத்திருந்தார்கள், நாங்கள் போன இடத்தில். கடைசி நாள் காலை முழுவதும் அதிலேயே போயிற்று. அது விருந்தாளி வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளைத்துண்டு

தோன்ற வேண்டியதும் இல்லை. கட்டணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தரை துடைப்பது, கழிவறை தேய்ப்பது, கண்ணாடி துடைப்பது எல்லாம் எங்கள் வேலை. நீங்கள் அரைகுறையாகத் துடைத்ததை நாங்கள் மறுபடி துடைக்கத்தான் போகிறோம். பதிவு செய்வதற்கு முன்பே கிளம்பும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.

நான் எதிர்பார்ப்பது மூன்றே விஷயம். உணவு மிச்சம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, எறும்பும் எலியும் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். எண்ணெய்ப் பாத்திரங்கள் காய்ந்து இறுகாமல் கழுவியோ ஊறவைத்தோ இருக்கட்டும். சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரு கரண்டி வேறு இழுப்பறைக்குப் போனால்கூட அடுத்து வருபவர்கள் இல்லை என்று புகார் சொல்வார்கள், பதில் சொல்வது நாங்கள்.

ஓடைவீடு

எங்களுக்குச் சொந்தமாக ஒரு சிறு காட்டேஜ் இருக்கிறது. விடுமுறைக் காலம் முடிந்தால் பல வாரம் பூட்டிக் கிடக்கும். அப்படி மூடிவிட்டுக் கிளம்புவது வேறு மாதிரி வேலை. வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சிலது பயன்படும், சொல்கிறேன்.

ஃபிரிட்ஜில் ஆரம்பிக்கிறேன். அடுத்தவர்கள் அன்றே வருகிறார்கள் என்றால் அணைக்க வேண்டாம், காலி செய்தால் போதும். பல வாரம் பூட்டுவதென்றால் அணைத்து, உறைபனி முழுக்க உருகவிட்டு, உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். ஒரு மடித்த துண்டை இடையில் செருகிவிடுவேன், தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கும். முதல் வருடம் இது தெரியாமல் இறுக்கி மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்து திறந்தபோது ரப்பர் வளையம் முழுக்க மொசுமொசுவென்று பூஞ்சை. அந்த வாடை போக ஒரு மாதம் ஆயிற்று. ஃபிரிட்ஜ் காலியாக இருந்தால் கெடாது என்று நினைத்துவிட வேண்டாம், ஈரம் ஒன்றே போதும்.

தண்ணீர். உறைபனி விழும் இடமானால் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து, தொட்டி, ஹீட்டர், கழிவறைச் சிஸ்டர்ன் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். ஹீட்டரின் மின்சாரத்தை அதற்கு முன்பே அணைத்திருக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு விரியும், குழாய் தாங்காது. வெடித்தது உறைந்திருக்கும் வரை தெரியாது. பனி உருகும்போதுதான் வீடு மிதக்கும். குளிர் இல்லாத இடத்திலும் பிரதான வால்வை மூடுவது நல்லது. சொட்டுகிற ஒரு குழாய் மாதக் கணக்கில் சொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தரைச் சாக்கடைத் துளைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவு வாயு உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல வாரத்தில் அது வற்றிவிடும், வீடு நாறும். கிளம்பும்போது ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றினால் சீக்கிரம் வற்றாது. உறையும் இடத்தில் இது சரிவராது, அந்தத் தண்ணீரும் உறைந்துவிடும்.

திரும்பி வரும்போது ஒன்று. தேங்கிய தண்ணீரில், 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு நிமோனியா பரவியபோதுதான் அந்த நோயே உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்த நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போனதும் ஷவரில் நிற்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, ஷவர் தலையை வாளிக்குள் தாழ்த்தி, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாகச் சாம்பல். கணப்பு அடுப்பு இருக்கிற வீட்டில் தங்கினால் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். மேலே வெளுத்துச் சாம்பலாகத் தெரியும் கங்கு உள்ளுக்குள் மூன்று நாலு நாள்கூடச் சூடாக இருக்கும். எங்களிடம் தங்கிய ஒருவர், பாவம், வேலையைக் குறைப்பதாக நினைத்து அதை அள்ளிப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு மரப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பார்த்து ஓடிவந்தார். வாளி முழுக்க உருகி, படியில் ஒரு தட்டு அளவுக்குக் கரி வட்டம். இன்னும் அந்தப் பலகையை மாற்றவில்லை, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன். சாம்பலைத் தொடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமானால் மூடியுள்ள இரும்பு வாளி, அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி, வெளியே.

தும்பி

சுத்தம் பற்றிப் பேசுவதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்தில் சிங்க்குக்குக் கீழே இருக்கிற பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கழிவறையில் ஊற்றாதீர்கள். அமிலம் உள்ள டாய்லெட் கிளீனரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ளதோடு பிளீச் சேர்ந்தாலும் விஷப் புகைதான். என் அண்ணி கிளம்பும் காலையில் ஒன்றை ஊற்றி, அது போதவில்லை என்று இன்னொன்றையும் ஊற்றினார். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். நெஞ்சு எரிச்சல் இரண்டு நாள் இருந்தது. மருத்துவமனையில் இருந்து வந்த பிறகுதான் பெட்டியே கட்டினோம்.

செவ்வந்தி

மழைக்கோட்டு, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன் அம்மா. எனக்கு அறுபத்தெட்டு வயது. உன் மாமியார் இருந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

அவர் அறை அறையாகப் போய் "இது யாருடையது" என்று கேட்டாரே, அதுதான் அந்தக் காலையில் நடந்திருக்கவேண்டிய முக்கியமான வேலை. காது கருவியும் பல் கிளிப்பும் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். அவர் செய்தது தப்பில்லை, அதைச் செய்த நேரம்தான் தப்பு. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் தொந்தரவாகத் தெரிகிறது. அதையே முந்தின நாள் மாலை கேட்டிருந்தால் எல்லோரும் பதில் சொல்லியிருப்பார்கள்.

வயதானவர்களுக்குப் பெட்டி தூக்க முடியாது, குனிந்து தேட முடியாது. "நீங்கள் உட்காருங்கள்" என்று எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் வீடே பரபரக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதனால்தான் நாங்கள் எழுந்து எழுந்து வருகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது சாவி என்னிடம்தான். முந்தின நாள் மாலை ஒரு மேசையை எனக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். யாருடையது என்று தெரியாத எல்லாம் அந்த மேசைக்கு வரும். நான் கூப்பிட்டுக் கொடுப்பேன். காலையில் எல்லோரும் காருக்குப் போன பிறகு பேத்தியைக் கூட்டிக்கொண்டு உள்ளிருந்து வாசல் நோக்கி ஒவ்வோர் அறையாக வருவேன். அவள் கட்டிலுக்கு அடியிலும் பிளக்கிலும் பார்ப்பாள், நான் கதவுக்குப் பின்னாலும் அலமாரி மேல்தட்டிலும் பார்ப்பேன். பார்த்து முடித்த அறையின் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். சாத்திய அறைக்குள் அதற்குப் பிறகு யாரும் போகக் கூடாது, என் மகனே ஆனாலும்.

மழைக்கோட்டு

அம்மா, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அத்தை சும்மா இருக்க முடியாமல் வந்தார் என்று எனக்கு அன்று உறைக்கவே இல்லை. நன்றி. இந்த முறை சாவி அவரிடம்தான். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

கோடுபோட்டநோட்டு

பட்டியல் எழுதுங்கள் என்று ஏன் இன்னும் யாரும் சொல்லவில்லை? 1935 அக்டோபர் 30 அன்று போயிங்கின் புதிய பெரிய குண்டுவீச்சு விமானம் அமெரிக்காவில் சோதனையின்போது மேலெழுந்த உடனே விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்தவர்கள். தரையில் நிற்கும்போது வால்பகுதியைக் காற்றில் ஆடாமல் பிடிக்கும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள், அவ்வளவுதான். விமானிகள் கையில் சோதனைப் பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டதல்ல அது, நன்றாகத் தெரிந்தவர்கள் அவசரத்தில் மறப்பதற்காக எழுதப்பட்டது.

ஆனால் நீளமான பட்டியல் வேண்டாம். ஐம்பது வரி எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். காஸ், தண்ணீர், ஜன்னல், ஃபிரிட்ஜ், சார்ஜர், மருந்து, ஆவணங்கள், சாவி. ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் தொட்டுப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். நினைவிலிருந்து "மூடினேன்" என்று சொல்வது கணக்கில் வராது. வந்து இறங்கிய அன்றே பட்டியலைத் தொடங்குங்கள். எதை எங்கே வைத்தீர்கள் என்பது அன்றுதான் நன்றாகத் தெரியும்.

போகும்போது ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாதம் வந்தால் உதவும். பாதி வழியில் "ஜன்னலைச் சாத்தினோமா" என்று மனது அரிக்கும்போதும் உதவும்.

நாலாம்கியர்

காரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கனமான பெட்டி கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. இருக்கை உயரத்துக்கு மேலே அடுக்காதீர்கள், சட்டென்று பிரேக் போட்டால் மேலே இருப்பதுதான் தலைக்கு வரும். பின் ஜன்னலை ஒட்டி ஒன்றும் வேண்டாம். எட்டுப் பேரும் சாமானும் என்றால் டயர் காற்றையும் பாருங்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

விமானத்தில் திரும்புபவர்கள் பவர் பேங்கை எடுத்துக் கைப்பையில் வைத்துவிடுங்கள், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கட்டிய பெட்டியைக் கவுண்டரில் அவிழ்ப்பதைப்போல் எரிச்சல் வேறில்லை.

தும்பி

சண்டை ஏன் இவ்வளவு மனதில் நிற்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1993-இல் உளவியலாளர் டேனியல் கானிமனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதோடு இன்னும் அரை நிமிடம், அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் 15 டிகிரி வரை மெல்லச் சூடேறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீளமானதைச் சொன்னார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது என்பதால்.

அதனால் சகோதரி, கிளம்பும் நேரத்துக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் காரில், வீடு பூட்டி, எல்லோரும் வெளியே. அப்போது அந்த வராந்தாப் பேச்சைப் பேசுங்கள்.

பழையபெட்டி

இதை ஒப்புக்கொள்கிறேன். எட்டரை வரை பேசியதில் தப்பே இல்லை, வேலைக்கு முன்னால் பேசியதுதான் தப்பு.

மழைக்கோட்டு

போய்விட்டு வந்துவிட்டோம். எழுதுகிறேன் என்று சொன்னேன், அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் மதியம் கடைசிக் குளியல். துணியெல்லாம் மாலைக்குள் காய்ந்துவிட்டது. அத்தைக்கு உணவு மேசையை ஒதுக்கினோம். முதலில் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றார். பத்து நிமிடத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். குளியலறையிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு டிஷ்யூ உருண்டையைக் கையில் எடுத்தார். நான் குப்பை என்று வாங்கப் போனேன். "இரு" என்று பிரித்தார். உள்ளே தங்கை மகனின் பல் கிளிப். வெள்ளைத்துண்டு அக்கா, உங்களை அப்போதே நினைத்துக்கொண்டேன். டப்பா கொண்டுபோயிருந்தோம், அவன்தான் வைக்க மறந்திருக்கிறான்.

காலையில் ஒன்பதரைக்குப் பெட்டிகள் காரில். அத்தையும் தங்கை மகனும் உள்ளறையிலிருந்து வாசல் வரை வந்தார்கள். அவர் பட்டியலைப் படிக்க, அவன் ஓடி ஓடித் தொட்டு "சரி" சொன்னான். என் கணவர் எதையோ பார்க்க மறுபடி உள்ளே போகப் பார்த்தார், அத்தை விடவில்லை. படுக்கைகளைக் கலைந்தபடியே விட்டோம். என் கை துறுதுறுவென்றுதான் இருந்தது, பிடித்துக்கொண்டேன். அப்புறம் இருபத்தைந்து நிமிடம் வராந்தாவில். போன முறை நடந்ததற்கு அத்தையிடம் அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்போவே மறந்துபோச்சு" என்றார். மறந்திருக்க மாட்டார்.

ஒன்றை விட்டுவிட்டோம். இரவில் கேர்டேக்கர் போன் செய்தார். வீட்டின் பின்சுவரில், வெளிப்பக்க ஆணியில், ஒரு குடை மாட்டியிருக்கிறதாம். உள்ளே ஓர் அங்குலம் விடாமல் பார்த்தவர்கள் வெளியே பார்க்கவில்லை. கொடிக்கயிறு, பின்சுவர், படிக்கட்டுக்கு அடி, மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். குடையை அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.